கதவு ரப்பர் ஒட்டுது: இங்கை வெயிலிலை, அங்கை ஐஸிலை

நல்லூர்ச் சில்லு

வணக்கம் அண்ணையள். ரண்டு கேள்வி. ரண்டும் ஒரே வருத்தமோ எண்டுதான் விளங்கேல்லை.

முதலாவது இங்கை, யாழ்ப்பாணத்தையான். 2014 வாகன்ஆர், நிழல் இல்லாத முத்தத்திலை நிக்கிறது. மத்தியானம் தாண்டித் திறந்தால் சாரதிப் பக்கக் கதவு "சர்ர்" எண்டு பிளாஸ்ரர் உரிக்கிற சத்தத்தோடைதான் வருது. ரப்பரிலை வெள்ளையாய் ஏதோ படிஞ்சிருக்கு. மேல் மூலையிலை ஒரு அங்குலம் அளவுக்குக் கிழியத் தொடங்கியிட்டுது.

ரண்டாவது தம்பியின்ரை. கனடாவிலை பிரம்ரன், கொரோலா. குளிர் தொடங்கினால் காலமை கதவு திறபடுதே இல்லையாம். இங்கை கராஜிலை ஒராள் ரண்டுக்கும் தேங்காயெண்ணெய் பூசச் சொல்லுறார். பூசலாமோ?

கொண்டாவில் ஸ்பானர்

பூச வேண்டாம். காரணம் பிறகு சொல்லுறன். முதல் அந்த வெள்ளை என்னெண்டு பாருங்கோ, அதைப் பொறுத்துத்தான் வைத்தியம்.

ஈரச் சீலையாலை ஒருக்கால் துடைச்சுக் காய விடுங்கோ. போனது போனதுதான் எண்டால் அது உப்பு, இல்லாட்டிப் புழுதி. காஞ்ச உடனை திரும்பவும் வெள்ளை தெரிஞ்சால் கிணத்துத் தண்ணியின்ரை சுண்ணாம்பு. நிச்சயப்படுத்த ஒரு சொட்டு வினாகிரி விட்டுக் கிட்டப் பாருங்கோ, பொடிப் பொடியாய்க் குமிழ் வரும். குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல்லுக்கு மேலைதானே கிடக்கு. கேத்திலுக்குள்ளை படியிற அதே சாமான், காரைக் கழுவிப்போட்டுத் துடைக்காமல் வெயிலிலை விட்டால் ரப்பரிலையும் படியும். அரத்தாள் மாதிரிச் சொரசொரப்பாய் நிண்டு ரப்பரின்ரை வழுவழுப்பான மேற்தோலை ஒவ்வொரு முறை கதவு அடிக்கேக்கையும் தேய்க்கும்.

வெள்ளை இல்லாமல் கறுப்பாய்க் கையிலை ஒட்டினால் கதை வேறை. முந்தி ஆரோ பூசின ரயர் பொலிஷோ எண்ணெயோ வெக்கையிலை பிசினாய்ப் போயிருக்கும். மாமரத்துக்குக் கீழை நிக்கிற கார் எண்டால் மரத்துப் பிசினாயும் இருக்கலாம்.

அதுவரைக்கும் கதவை வெடுக்கெண்டு இழுக்காதேங்கோ. கிழிஞ்ச ஒரு அங்குலம் ஒரு கிழமையிலை நாலு அங்குலம் ஆகும்.

பிரம்ரன் வாசி

தம்பியின்ரை பக்கத்தை நான் சொல்லுறன்.

உறையிறது ரப்பர் இல்லை. ரப்பருக்கும் கதவுச் சட்டத்துக்கும் நடுவிலை நிக்கிற தண்ணி. தண்ணி ஐஸாகேக்கை ஏறக்குறைய 9 விழுக்காடு பருக்கும். ரப்பர் பஞ்சு மாதிரி, அதின்ரை சின்னச் சின்னப் பள்ளங்களுக்குள்ளை போன தண்ணி பருத்து இறுகினால் ஆணியடிச்ச மாதிரிப் பிடிச்சிடும். ஆனபடியாலை தம்பி கேட்க வேண்டிய கேள்வி "என்ன பூசலாம்" எண்டதில்லை, "தண்ணி எங்காலை வருது" எண்டது.

மூண்டு வழியாலை வரும். ஒண்டு, பகலிலை பூச்சியத்துக்கு மேலை போய் ஸ்நோ உருகி, இரவு மறைப் பத்துப் பாகைக்கு (-10) இறங்கிற நாள். இந்த நாளுகள்தான் மோசம். ஒரே சீராய் மறை இருபதிலை காஞ்ச குளிராய் நிண்டால் கதவுக்குப் பெரிசாய் ஒண்டும் நடக்காது. உறைமழை பெய்யிற நாளையும் இதோடை சேருங்கோ. ரண்டு, கார்வாஷ். கழுவிப்போட்டு நேரை வீட்டை கொண்டுவந்து விட்டால் அடுத்த நாள் நாலு கதவும் சேர்ந்து இறுகும். மூண்டாவதை ஒருத்தரும் யோசிக்கிறேல்லை, அது உள்ளுக்கை இருந்து வாறது. சப்பாத்திலை ஏறின ஸ்நோ மிதியடியிலை உருகி, ஹீற்றர் வெக்கையிலை ஆவியாகி, கார் நிண்டாப்பிறகு குளிர்ந்த சட்டத்திலையும் ரப்பரிலையும் பனித்துளியாய்ப் படியும். மார்கழிக் காலமை யாழ்ப்பாணத்திலை கண்ணாடியிலை படியிற அதே பனிதான், இங்கை உடனை ஐஸாகுது.

உள்ளாலை வாறதை மறிக்கிறது சுகம். மிதியடியை ஒவ்வொரு நாளும் தட்டி ஊத்தவேணும். உள்காற்றையே சுத்த விடுற சுவிச்சை நிற்பாட்டி வெளிக்காற்றை எடுக்கவேணும். இரவு காரை விடேக்கை எதிரெதிர் ரண்டு கதவை ஒரு நிமிசம் திறந்து வெக்கைக் காற்றை வெளியிலை விட்டிட்டுப் பூட்டவேணும். கார்வாஷ் போனால் அங்கையே எல்லாக் கதவையும் பின்மூடியையும் திறந்து ரப்பர், சட்டம், கீழ் விளிம்பு மூண்டையும் துவாயாலை துடைச்சு, பிறகு ஒரு பதினஞ்சு நிமிசம் ஹீற்றரோடை ஓடவேணும்.

சாவகச்சேரி சோமசெற்

இந்தத் தலைமுறைக்கு எல்லாத்துக்கும் ரின் ஸ்பிறே வேணும். ஒஸ்ரின் சோமசெற், கேம்பிறிஜ், மொறிஸ் மைனர் எண்ட பழைய கார் எல்லாம் எழுபது வருசமாய் இந்த ஊரிலை ஓடுது. அதுகளின்ரை ரப்பருக்கு மண்ணெண்ணெய்யிலை ஒரு துடை, பிறகு தேங்காயெண்ணெய் ஒரு பூச்சு. அவ்வளவுதான். என்ன கெட்டுப்போச்சு?

ரசாயன வாத்தி

ஐயா, கெட்டுத்தான் போகிறது. மெல்லக் கெடுவதால் தெரிவதில்லை.

இன்றைய கார்களின் கதவு ரப்பர் பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர். எத்திலீனும் புரொப்பிலீனும் சேர்ந்தது. வெயில், ஓசோன், தண்ணீர், உப்பு, பிரேக் திரவம் எல்லாவற்றையும் தாங்கும். அதற்கு இருக்கும் ஒரே பெரிய பலவீனம் எண்ணெய். மண்ணெண்ணெய், டீசல், என்ஜின் ஒயில், சாதாரண கிறீஸ், வாசிலின் எல்லாம் பெற்றோலிய வகை. ஈபிடிஎம்மும் அதே இனத்து ஹைட்ரோகார்பன் என்பதால் எண்ணெய் உள்ளே நுழைந்து ரப்பரை ஊதச் செய்யும். ஊதியது மெத்தென்று ஆகும், வடிவம் குலையும், கிழிபடும். ஒரு தடவை துடைத்ததால் குடி முழுகாது. மாதாமாதம் பூசினால் இரண்டு மூன்று வருடத்தில் மாற்ற வேண்டியதுதான். பழைய சோமசெற்றுகளில் இருந்தது இயற்கை ரப்பர். அதற்கும் மண்ணெண்ணெய் ஆகாது. அந்தக் கார்களில் எத்தனையில் இன்று கொம்பனி போட்ட அதே ரப்பர் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

தேங்காயெண்ணெய்க்கு வருவோம். அது 24, 25 பாகை செல்சியஸில் கட்டியாகும். யாழ்ப்பாணத்திலேயே மார்கழி தையில் போத்தலுக்குள் வெள்ளையாய் இறுகுவதைப் பார்க்கிறோம். பிரம்ரனில் மறைப் பத்தில் அது மெழுகுக் கட்டி. கதவைத் திறக்கும்போது தூளாக உதிரும், ரப்பரில் படலமாக நிற்காது. இங்கேயோ திரவமாகவே இருந்து சோளகக் காலத்துப் புழுதி முழுவதையும் பிடித்து வைக்கும், எறும்பும் வரும். நல்லெண்ணெய் இன்னும் மோசம்: காற்றுப் பட்டால் நாளடைவில் பசையாகிவிடும். விளக்கெண்ணெய் ஆரம்பத்திலிருந்தே பசைதான்.

சிலிக்கோன் ஒயில் வேறு இனம். ஈபிடிஎம்முக்குள் நுழையாது, மேலே மெல்லிய படலமாக நிற்கும். தண்ணீரை ஒட்டவிடாது. இங்கே காருக்குள் ஏறும் வெக்கையிலும் உருகி வழியாது, அங்கே மறை முப்பதிலும் இறுகாது. உங்கள் இரண்டு கேள்விக்கும் ஒரே பதில் இருப்பது இதனால்தான்.

மானிப்பாய் மைனர்

டபிள்யூடி-40 ஸ்பிறே அடிச்சால் என்ன? எல்லாரும் அதுதானே அடிக்கினம்.

ரசாயன வாத்தி

பெயரிலேயே விடை இருக்கிறது. தண்ணீரை இடம்பெயர்க்கும் கலவைக்கான நாற்பதாவது முயற்சி என்பதுதான் அந்தப் பெயர், 1953இல் வந்தது. சாதாரண நீல மஞ்சள் ரின்னில் இருப்பது பெற்றோலியக் கரைப்பானும் கனிம எண்ணெயும். இறுகிய போல்ற்றுக்கு நல்லது, ரப்பருக்கு இல்லை. அதே கொம்பனி சிலிக்கோன் ஸ்பிறேயும் தனி ரின்னில் விற்கிறது. ரின்னில் எழுதியிருப்பதை வாசித்து வாங்குங்கள்.

நல்லூர்ச் சில்லு

வினாகிரி விட்டுப் பாத்தன், நுரைக்குது. அப்ப சுண்ணாம்பு. இனி என்ன வாங்கவேணும், எப்படிப் பூசவேணும் எண்டு ஒழுங்காய்ச் சொல்லுங்கோ.

கொண்டாவில் ஸ்பானர்

வேண்ட வேண்டியது ரண்டே ரண்டு. சிலிக்கோன் ஸ்பிறே ஒரு ரின், இல்லாட்டிச் சிலிக்கோன் கிறீஸ் ஒரு ரியூப். "நூறு வீதம் சிலிக்கோன்" எண்டோ "ரப்பருக்குப் பாதுகாப்பு" எண்டோ போட்டிருக்கவேணும். டாஷ்போட்டுக்கு அடிக்கிற மினுக்கல் ஸ்பிறே வேறை சாமான், அது வேண்டாம். மற்றது பற்றறித் தண்ணி, அதாவது சுண்ணாம்பு இல்லாத சுத்தமான தண்ணி, ஒரு போத்தல். கடையிலை கேக்கேக்கை தண்ணி எண்டு சொல்லிக் கேளுங்கோ, அசிட்டும் அதே தட்டிலைதான் இருக்கும்.

வேலையைக் காலமை, ரப்பர் சூடேற முதல், நிழலிலை செய்யுங்கோ.

அரை வாளி தண்ணியிலை ஒரு தேக்கரண்டி கார் ஷாம்பு. சட்டி கழுவுற திரவமும் பரவாயில்லை, சவர்க்காரக் கட்டி வேண்டாம், எங்கடை தண்ணியோடை சேர்ந்து இன்னும் வெள்ளையாய்ப் படியும். பழைய பல் பிரஷாலை ரப்பரை நீளப்பாட்டுக்கு உரசுங்கோ, குறுக்கை வேண்டாம். ரப்பர் குழாய் மாதிரி வெறுமையாய் இருக்கும், அதுக்குப் பக்கத்திலை ஒரு மெல்லிய உதடு மடிஞ்சிருக்கும். ஊத்தை முழுக்க அந்த உதட்டுக்குக் கீழைதான். பெருவிரலாலை உதட்டைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு பிரஷை உள்ளுக்கை விட்டால் கறுப்பாய்ச் சேறு வரும். மேல் மூலையளிலையும் கீழ்ப் பிணைச்சல் பக்கத்திலையும் மறக்காதேங்கோ.

பிறகு சுண்ணாம்பு. வினாகிரி ஒரு பங்கு, தண்ணி ஒரு பங்கு. சீலைத்துண்டை நனைச்சுப் பிழிஞ்சு வெள்ளை உள்ள இடத்திலை ரண்டு நிமிசம் அமத்திப் பிடிச்சு, துடைச்சு, உடனை நல்ல தண்ணி விட்டுக் கழுவுங்கோ. பெயின்ற் உரிஞ்ச இடம், கறள் பிடிச்ச இடத்திலை வினாகிரி படவிட வேண்டாம். கடைசித் துடைப்பு மட்டும் பற்றறித் தண்ணியிலை. அரை லீற்றர் முழுக்காருக்கும் காணும். கிணத்துத் தண்ணியிலை கடைசித் துடைப்புத் துடைச்சால் இவ்வளவு வேலையும் வீண்.

இப்ப காய விடுங்கோ. இதுதான் எல்லாரும் பிழை விடுற இடம். ஈரத்துக்கு மேலை சிலிக்கோன் பூசினால் தண்ணியை மூடிபோட்டு அடைச்ச மாதிரி. எல்லாக் கதவையும் திறந்து அரை மணித்தியாலம் விட்டு, உதட்டுக்குக் கீழை ரிசுத் தாளை விட்டு இழுத்துப் பாருங்கோ. ரிசு காய்ஞ்சு வந்தால் தொடங்கலாம்.

ஸ்பிறேயை நேரை ரப்பருக்கு அடிக்கிறதில்லை. சீலையிலை மூண்டு செக்கன் அடிச்சு, அந்தச் சீலையாலை ரப்பரைச் சுத்திவர ஒரே போக்கிலை தேய்க்கவேணும். ஒரு கதவுக்கு மூண்டு மீற்றருக்கு மேலை ரப்பர் இருக்கும், நடுவிலை இன்னொருக்கால் அடிக்கவேண்டி வரும். ரியூப் கிறீஸ் எண்டால் கடலையளவு நாலு பொட்டு, விரலாலை இழுத்துப் பரப்பவேணும். கதவிலை ஒரு வரிசை, சட்டத்திலை ஒரு வரிசை எண்டு ரண்டு ரப்பர் இருந்தால் ரண்டுக்கும். ரப்பர் போய் முட்டுற பெயின்ற் விளிம்பையும் அதே சீலையாலை ஒருக்கால் துடைச்சு விடுங்கோ.

பத்து நிமிசம் கழிச்சுக் காய்ஞ்ச துணியாலை ஒருக்கால் துடைச்சு மிச்சத்தை எடுங்கோ. விரலாலை தொட்டால் வழுக்கவேணும், விரலிலை ஈரம் தெரியக்கூடாது. மினுங்கினால் கூடிப்போச்சு எண்டு அர்த்தம். கூடினது புழுதி பிடிக்கும்.

இங்கை மூண்டு மாசத்துக்கு ஒருக்கால் காணும். கட்டாயம் ஒண்டு மாரி தொடங்க முதல், புரட்டாதியிலை. அங்கை குளிர் தொடங்க முதல் ஒருக்கால், பிறகு நாலு ஆறு கிழமைக்கு ஒருக்கால்.

பட்டறைப் பெயின்ரர்

ஸ்பானர் சீலையிலை அடிக்கச் சொன்னதுக்கு ஒரு காரணம் இருக்கு, அவர் சொல்லேல்லை. சிலிக்கோன் காற்றிலை பறந்து பெயின்ற்றிலை படிஞ்சால் பிறகு அந்த இடத்துக்கு மட்டும் திருத்தப் பெயின்ற் (ரச்சப்) அடிக்கேக்கை பெயின்ற் விலகி வட்டம் வட்டமாய்க் குழி விழும். மீன்கண் எண்டு சொல்லுவம். அரத்தாள் போட்டுத் தேய்ச்சாலும் லேசிலை போகாது, பரவும். கதவுக்குப் பெயின்ற் அடிக்கக் கொண்டுபோறீங்கள் எண்டால் ரப்பருக்குச் சிலிக்கோன் பூசியிருக்கு எண்டு முன்கூட்டிச் சொல்லுங்கோ, கழட்டிப்போட்டு அடிப்பம். பெயின்ற் கொட்டிலுக்குக் கிட்ட அந்த ரின்னைத் திறக்கவே வேண்டாம்.

முன்கண்ணாடியிலை பட்டாலும் வைப்பர் இழுக்கேக்கை படலம் தெரியும். பிறேக் டிஸ்கிலை பட்டால் என்ன நடக்கும் எண்டு சொல்லத் தேவையில்லை.

ஒஸ்லோ வாடை

வராமல் தடுக்கிறதைச் சொல்லிப்போட்டீங்கள். வந்தாப்பிறகு என்ன செய்யிறது எண்டதையும் தம்பிக்குச் சொல்லவேணும், கைபிடி உடையிறதெல்லாம் அந்த நேரத்திலைதான்.

இழுக்காமல் தள்ளவேணும். கதவின்ரை விளிம்போரமாய், பூட்டு இருக்கிற பக்கத்திலை, உள்ளங்கையாலையோ இடுப்பாலையோ உடம்புப் பாரத்தைக் குடுத்து உள்ளுக்குத் தள்ளுங்கோ. மேலை, நடு, கீழை எண்டு அஞ்சாறு இடத்திலை. ரப்பர் நசிய ஐஸ் வெடிக்கிற சத்தம் கேக்கும். கதவின்ரை நடுத் தகட்டைத் தள்ளினால் பள்ளம்தான் மிஞ்சும். பிறகு மெல்ல இழுத்துப் பாருங்கோ. வரேல்லை எண்டால் மற்றக் கதவு, பின்மூடி எண்டு முயற்சி செய்யுங்கோ, காற்றுப் படாத பக்கக் கதவு அனேகமாய்த் திறக்கும். ஒண்டு திறந்தால் உள்ளுக்கை ஏறி ஸ்ரார்ட் பண்ணி ஹீற்றரைப் போட்டால் பத்துப் பதினஞ்சு நிமிசத்திலை மிச்சமெல்லாம் தானாய் விடும். தூரத்திலை இருந்து ஸ்ரார்ட் பண்ணுற வசதி இருந்தால் இன்னும் நல்லது, ஆனால் கராஜுக்கை கதவைப் பூட்டிக்கொண்டு செய்யக்கூடாது, புகை உயிரை எடுக்கும்.

ஐஸ் கரைக்கிற ஸ்பிறே வீட்டிலையே செய்யலாம். பாமசியிலை விக்கிற 70 வீத ஐசோபுரொப்பைல் அற்ககோல் ரண்டு பங்கு, தண்ணி ஒரு பங்கு. தெளிக்கிற போத்தலிலை விட்டு இடுக்கு வழிய அடிச்சு ரண்டு நிமிசம் பொறுத்துத் தள்ளவேணும். போத்தலை வீட்டுக்குள்ளை வையுங்கோ. காருக்குள்ளை வைச்சுப்போட்டு வெளியிலை நிண்டு யோசிக்கிற ஆக்களும் இருக்கினம். அற்ககோல் சிலிக்கோன் படலத்தையும் கொஞ்சம் கழுவும், ஆனபடியாலை அந்த வார இறுதியிலை திரும்பப் பூசவேணும்.

மானிப்பாய் மைனர்

கொதிதண்ணி ஊத்தினால் ஒரு நிமிசத்திலை முடிஞ்சிடுமே?

ஒஸ்லோ வாடை

கண்ணாடியும் ஒரு நிமிசத்திலை முடிஞ்சிடும். மறைப் பதினஞ்சிலை இருக்கிற கண்ணாடியிலை கொதிதண்ணி பட்டால் வெடிக்கலாம். வெடிக்காட்டிலும் அந்தத் தண்ணி கதவுக்குள்ளையும் பூட்டுக்குள்ளையும் இறங்கி அடுத்த நாள் இரட்டிப்பாய் இறுகும்.

பிரம்ரன் வாசி

பூட்டைப் பற்றியும் ரண்டு வசனம். கதவு இறுகிறதும் பூட்டு இறுகிறதும் வேறை வேறை. திறப்பு உள்ளுக்கே போகேல்லை, அல்லது திரும்பேல்லை எண்டால் சிலிண்டருக்குள்ளை ஐஸ். கை கழுவுற அற்ககோல் ஜெல்லைத் திறப்பிலை தடவி உள்ளுக்கை விட்டு வெளியிலை எடுக்க நாலைஞ்சு தரத்திலை விடும். திறப்பை லைற்றராலை சூடாக்கிற பழைய வேலை இப்ப வேண்டாம். திறப்புத் தலைக்குள்ளை சிப் இருக்கு, அது செத்தால் கார் ஸ்ரார்ட் எடுக்காது.

முன்கூட்டிச் செய்யிறதெண்டால் காய்ஞ்ச கிராபைற் தூள் கொஞ்சம் சிலிண்டருக்குள்ளை ஊதவேணும். கிராபைற் போட்டால் ஒயில் விடக்கூடாது, ரண்டும் சேர்ந்தால் களி மாதிரி அடைக்கும். ரிமோட்டிலையே பழகின ஆக்கள் மாசத்துக்கு ஒருக்காலாவது திறப்பைப் போட்டுத் திருப்பிப் பாக்கவேணும், பற்றறி செத்த நாளிலைதான் சிலிண்டர் இறுகியிருக்கிறது தெரியவரும்.

இன்னொரு வகை இருக்கு: கதவு திறக்கும், பிறகு பூட்டாது, அடிக்க அடிக்கத் திரும்பி வரும். அது கதவு விளிம்பிலை இருக்கிற பூட்டுக் கொளுக்கிக்குள்ளை பழைய கிறீஸ் இறுகினது. ஸ்குறூட்றைவராலை கொளுக்கியைத் திறந்த நிலைக்குத் தள்ளிவிட்டுக் கதவைப் பூட்டலாம், ஆனால் கொளுக்கி பூட்டின நிலையிலை நிக்கேக்கை கதவைப் பலமாய் அடிச்சால் ரண்டும் நெளியும். சூடான நாளிலை பழைய கிறீஸைக் கழுவி எடுத்து வெள்ளை லிதியம் கிறீஸ் கொஞ்சம் வைக்கவேணும். லிதியம் கிறீஸ் இரும்புக்கு மட்டும். பிணைச்சல், கொளுக்கி, அவ்வளவுதான். ரப்பரிலை படாமல் பாருங்கோ.

கண்ணாடி இறங்கேல்லை எண்டு சுவிச்சைத் திரும்பத் திரும்ப அமத்திறதும் வேண்டாம். கண்ணாடி ரப்பரோடை ஒட்டி நிக்க மோட்டார் இழுத்தால் உள்ளுக்கை கண்ணாடியை ஏத்தி இறக்கிற கம்பி வயர் அறும். சட்டம் இல்லாத கதவு உள்ள கார்களிலை கதவைத் திறக்கேக்கை கண்ணாடி தானாய்க் கொஞ்சம் இறங்கவேணும், அதுகளுக்குக் கண்ணாடி ஓடுற தவாளிப்புக்குள்ளையும் சிலிக்கோன் கட்டாயம்.

காரைநகர் உப்பு

எல்லாரும் ரப்பரையே பாக்கிறீங்கள். கதவின்ரை அடியைப் பாருங்கோ.

கண்ணாடிக்குப் பக்கத்தாலை மழைத்தண்ணி கதவுக்குள்ளை இறங்கிறது சாதாரணம், எல்லாக் காரிலையும் இறங்கும். வெளியிலை போகக் கதவின்ரை அடி விளிம்பிலை ரண்டு மூண்டு நீள ஓட்டை வைச்சிருப்பினம். அது அடைபட்டால் இங்கை கறள், அங்கை ஐஸ். கதவை ஆட்டிப் பாருங்கோ, தண்ணி தளும்பிற சத்தம் கேட்டால் அடைபட்டுக் கிடக்கு.

துப்புரவாக்கக் கம்பி எடுக்காதேங்கோ, ஓட்டையின்ரை விளிம்பிலை பெயின்ற் சுரண்டினால் கறள் அங்கையே தொடங்கும். தென்னோலை ஈர்க்கு ஒண்டு போதும். தடிச்ச பக்கத்தை உள்ளுக்கை விட்டுச் சுழட்டி எடுக்க, வேப்பஞ்சருகும் மண்ணும் கட்டியாய் வரும். பிறகு மேலை கண்ணாடி இடுக்காலை ஒரு போத்தல் தண்ணி மெல்ல ஊத்துங்கோ. கீழை எல்லா ஓட்டையாலையும் வழியவேணும்.

கடலைக் கடக்கிற பொன்னாலைப் பாலத்தாலையும் பண்ணைப் பாலத்தாலையும் ஒவ்வொரு நாளும் போய்வாற கார்களுக்கு ரப்பருக்குக் கீழை கறள் வாறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. உப்பு சும்மா கிடக்கிறேல்லை. காற்றிலை ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் உப்புத் தானாய்த் தண்ணியை இழுத்துக் கரையும். எங்கடை கரையோரத்திலை இரவிலையும் காலமையிலையும் அது சுகமாய்த் தாண்டும். மழையே இல்லாட்டிலும் ரப்பருக்குக் கீழை இரவிலை உப்புத்தண்ணி, பகலிலை உப்புத்தூள். சாரதிக் கதவின்ரை கீழ் மூலையிலை பெயின்ற் கொப்பளிச்சு நிக்கிறது அதாலைதான். கிழமைக்கு ஒருக்கால் நல்ல தண்ணியிலை நனைச்ச சீலையாலை ரப்பரையும் அடி விளிம்பையும் துடைச்சால் காணும், ஒவ்வொரு முறையும் சிலிக்கோன் தேவையில்லை. கனடாவிலை றோட்டுக்குப் போடுற உப்பும் இதே வேலைதான் செய்யும்.

நல்லூர்ச் சில்லு

மெத்தப் பெரிய உபகாரம். கிழிஞ்ச மூலைக்கு என்ன செய்யிறது? முழு ரப்பரையும் மாத்தவேணுமோ?

கொண்டாவில் ஸ்பானர்

ஒரு அங்குலக் கிழிவுக்கு மாத்தத் தேவையில்லை. கிழிஞ்ச ரண்டு முகத்தையும் அற்ககோலாலை துடைச்சுக் காயவிட்டு, சுப்பர் குளூ ரண்டே ரண்டு சொட்டு, ஈர்க்கு நுனியாலை பரப்பி, முப்பது செக்கன் விரலாலை அமத்திப் பிடியுங்கோ. விரலுக்கும் ரப்பருக்கும் நடுவிலை பொலித்தீன் வைக்க மறந்தால் நீங்களும் கதவோடைதான். கூட விட்டால் காய்ஞ்சு கல்லாகி, கதவு பூட்டேக்கை அந்த இடம் வெடிக்கும். ஒட்டிறதைச் சிலிக்கோன் பூச முதல் செய்யுங்கோ. சிலிக்கோன் பட்ட ரப்பரிலை எந்தப் பசையும் பிடிக்காது.

மாத்தவேணுமோ எண்டதைத் தாள் வைச்சுப் பாக்கலாம். நூறு ரூபாய்த் தாளை ரப்பருக்கும் சட்டத்துக்கும் நடுவிலை வைச்சுக் கதவைப் பூட்டி மெல்ல இழுங்கோ. இறுக்கமாய் உரஞ்சிக்கொண்டு வந்தால் சரி. தடையில்லாமல் வழுக்கி வந்தால் அந்த இடத்திலை ரப்பர் நசிஞ்சு செத்துப்போச்சு. கதவைச் சுத்திப் பத்து இடத்திலையாவது பாருங்கோ. ஒரே பக்கம் முழுக்கத் தளர்வு எண்டால் ரப்பரிலை பிழை இல்லாமலும் இருக்கலாம், கதவுக் கொளுக்கி வந்து பிடிக்கிற, தூணிலை இருக்கிற கொளுவி வெளியிலை தள்ளி நிக்கும். பென்சிலாலை அடையாளம் கீறிப்போட்டு ரண்டு ஸ்குறூவையும் இளக்கி ஒரு மில்லிமீற்றர் மட்டும் உள்ளுக்குத் தட்டி இறுக்குங்கோ. கூடத் தட்டினால் கதவை அறைஞ்சு பூட்டவேண்டி வரும், ரப்பரும் தட்டையாய் நசிஞ்சு கெதியிலை போயிடும்.

மாத்திறதெண்டால் பழசைத் திரும்பப் பாவிச்ச ரப்பர் வேண்ட வேண்டாம், அது வேறை காரின்ரை சட்டத்திலை நசிஞ்ச வடிவத்தோடைதான் வரும். 2020இலை வாகன இறக்குமதி நிண்டு 2025இலை திறக்கும் வரைக்கும் பழைய கார்களுக்கு உதுகளைப் பூட்டின ஆக்கள் இருக்கினம். போடேக்கை ரப்பரை இழுத்துப் போடக்கூடாது. இழுத்துப் போட்டால் ஒரு மாசத்திலை சுருங்கி மூலையிலை இடைவெளி தெரியும். மூலையிலை இருந்து தொடங்கி, கொஞ்சம் தளர்வாய்த் தள்ளித் தள்ளி அமத்திக்கொண்டு வரவேணும்.

மானிப்பாய் மைனர்

நுவரெலியாவுக்குத் தையிலை போறவைக்கும் இது தேவையோ?

ஒஸ்லோ வாடை

அங்கை சில காலமையளிலை புல்லிலையும் கண்ணாடியிலையும் உறைபனி பிடிக்கும், வெயில் ஏறப் போயிடும். கதவு இறுகிற அளவு இல்லை. இரவு முன்கண்ணாடிக்கு மேலை ஒரு மட்டையோ படங்கோ போட்டு விட்டால் காணும். அந்தக் கண்ணாடிக்கும் சுடுதண்ணி கூடாது.

சாவகச்சேரி சோமசெற்

சரி, மண்ணெண்ணெய்யை விடுறன். கிளிசரின்? பாமசியிலை மலிவு, ரப்பருக்கும் நல்லது எண்டு கேள்வி.

ரசாயன வாத்தி

ரப்பரைக் கெடுக்காது ஐயா, அது உண்மை. கிளிசரின் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு நிறையில் கலந்தால் மறை 46 பாகை வரை உறையாது. குளிர் நாடுகளில் ரப்பருக்குப் பூசும் பழக்கம் இருக்கிறது; ஜேர்மனியில் மான் கொழுப்புக் குச்சிகூட அதற்காகவே விற்கிறார்கள். ஆனால் கிளிசரின் தண்ணீரில் கரையும், காற்றின் ஈரத்தையும் இழுக்கும். யாழ்ப்பாணத்து மாரியில் ஒரே மழையில் போய்விடும், மழை இல்லாத நாளில் பிசுபிசுவென்று புழுதி பிடிக்கும். அங்கே வேறெதுவும் கிடைக்காத இரவுக்குச் சரி. இங்கே வேண்டாம்.

நல்லூர்ச் சில்லு

அடுத்த மாசம் ஒராள் கனடா போறார். தம்பிக்கும் ஒரு ரின் ஸ்பிறே குடுத்து விடுவம் எண்டு பாக்கிறன்.

பிரம்ரன் வாசி

குடுத்து விட்டு அந்த ஆளை விமானநிலையத்திலை மாட்ட வைக்காதேங்கோ. தீப்பற்றிற ஸ்பிறே ரின் கைப்பையிலையும் ஏலாது, பெரிய பெட்டியிலையும் ஏலாது. இங்கை கார்ச் சாமான் விக்கிற கடை எல்லாத்திலையும் கிடக்கு.

நல்லூர்ச் சில்லு

அப்ப வழமை போலை புழுக்கொடியலும் மிளகாய்த்தூளும்தான். ரின்னைப் பற்றி அவனுக்கு இந்த இழையை அனுப்பி விடுறன்.